திண்டிவனம் – விழுப்புரம் வழித்தடத்தில் செனட்டர்கள் இன்மை: ஓர் ஆய்வு

திண்டிவனம் பேருந்து நிலையத்தில் ஏறி விழுப்புரத்தில் இறங்குவதற்குள், ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், கடினமான ஆங்கிலச் சொற்களை விளக்கத்தோடும் எடுத்துக்காட்டு வாக்கியத்தோடும் நெட்டுருப் போடும் வழக்கம் இவ்வட்டாரப் போட்டித் தேர்வர்களிடம் காணப்படுகிறது (சான்று: சன்னலோர இருக்கை). இதை யாரும் ஆராயாததற்குக் காரணம், ஆராயத் தேவையில்லை என்பதே. ஆனால் முனைவர் பட்டங்கள் அந்தக் காரணத்துக்காக நின்றுபோனதாகத் தெரியவில்லை.

முதலில் தோற்றுவாய். நன்னூல், காண்டிகையுரைக்குக் கருத்து, பதப்பொருள், காட்டு, வினா, விடை என ஐந்து உறுப்புச் சொல்கிறது. அமெரிக்க மேற்படிப்புக்காக நம் தேர்வர் எழுதும் ஜி.ஆர்.இ. தேர்வின் சொற்புத்தகத்திலும் பொருள் உண்டு, காட்டு உண்டு, பாட முடிவில் வினாவிடை உண்டு. ஆகவே ஜி.ஆர்.இ. தேர்வை 13ஆம் நூற்றாண்டிலேயே கண்டறிந்தவர் நன்னூலாசிரியர் பவணந்தி முனிவர். இடையில் இரண்டு படிகள் விடுபட்டிருக்கலாம். கருத்தரங்குகளில் இதைவிட அகலமான பள்ளங்களை வேட்டியை மடித்துக்கட்டித் தாண்டியவர்களைப் பார்த்திருக்கிறோம்.

உச்சரிப்புக் குறியீடுகள்: யாரும் பார்ப்பதில்லை.

விளக்கங்களின் இயல்பு வேறு. சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியில் ‘நெட்வொர்க்’ என்ற எளிய சொல்லை விளக்க, அதைவிடக் கடினமான மூன்று சொற்களைப் பயன்படுத்தினார். அந்த மரபு இன்றும் பட்டுப்போகவில்லை. ‘அப்ஸ்ட்ரூஸ்’ என்றால் என்ன என்று பார்த்தால் ‘ரிகான்டைட்’ என்கிறது. அதைப் புரட்டினால் ‘எசோட்டரிக்’. அதையும் புரட்டினால் மறுபடி ‘அப்ஸ்ட்ரூஸ்’. கூட்டேரிப்பட்டில் புறப்பட்ட தேர்வர் விக்கிரவாண்டி டோல்கேட்டில் அதே சொல்லோடு நிற்கிறார் (சான்று: முன் இருக்கையின் முதுகு, நீல மைப் பதிப்பு, பிற்காலத்தவர் வரைந்த அம்பு துளைத்த இதயம் இடைச்செருகல்).

இனி ஆய்வின் உயிர்நிலையான எடுத்துக்காட்டு வாக்கியம். இதில் வாழும் மக்கள்தொகையைத் தனியே ஆராய வேண்டும். வாயாடி அத்தை ஒருவர் இருக்கிறார். வானிலை மோசமானதால் பிக்னிக் ஒன்று ஓயாமல் ரத்தாகிறது. 2024இல் ஃபெஞ்சல் புயல் மயிலத்தில் அரை மீட்டர் அளவுக்கு மழையைக் கொட்டிய பிறகும் புத்தகத்தின் கவலை பிக்னிக்தான். ‘பெடான்டிக்’ என்பதற்குப் பேராசிரியர் வருகிறார். அதற்கு மட்டும் உள்ளூர்ச் சான்று ஏராளம். பெயர்கள் ஆய்வு நெறி கருதித் தவிர்க்கப்படுகின்றன.

ஆனால் எங்கு திரும்பினாலும் செனட்டர். அமெரிக்காவில் இருப்பது மாநிலத்துக்கு இருவராக நூறே செனட்டர்கள். அந்த நூறு பேரும் நம் தேர்வரின் மடியில் உட்கார்ந்து மழுப்புகிறார்கள், பூசி மெழுகுகிறார்கள், நேற்றுச் சொன்னதை இன்று மறுக்கிறார்கள். ‘ஈக்விவோகேட்’ செய்பவர் செனட்டர். ‘ஆப்ஃபஸ்கேட்’ செய்பவரும் அவரே. விழுப்புரம் மாவட்டத்திலோ கவுன்சிலர் உண்டு, ஊராட்சித் தலைவர் உண்டு, எம்.எல்.ஏ. உண்டு, செனட்டர் ஒருவர்கூட இல்லை. ஊரில் இல்லாத ஒருவரின் குணக்கேடுகளை மட்டும் ஒருவர் இவ்வளவு நுட்பமாக அறிந்திருப்பதன் விளைவைக் களத்தில் பதிவு செய்தோம்:

“என்னா தம்பி, தனியா முணுமுணுத்துக்கினே வர்ற?”

“செனட்டர் மழுப்புறாருங்க ஐயா.”

“எந்தக் கட்சி?”

(வாய்மொழிச் சான்று, தகவலாளி கூட்டேரிப்பட்டில் ஏறியவர், மடியில் மணிலாக் கொட்டைப் பை. அடுத்த வினாவுக்குள் விக்கிரவாண்டியில் இறங்கிவிட்டார். பையிலிருந்து சிந்திய இரு கொட்டைகள் ஆய்வாளரால் சேகரிக்கப்பட்டு, உரிக்கப்பட்டு, தீர்ந்துவிட்டன.)

செனட்டரை எடுத்துவிட்டுக் கவுன்சிலரை வைத்தால் என்ன என்று மாற்றுக் கருத்தாளர் கேட்கலாம். வைத்துப் பார்த்தோம். வாக்கியம் கச்சிதமாகப் பொருந்தியது. தேர்வருக்குச் சொல்லும் உடனே மனத்தில் நின்றது. பொருந்தியதும் விளங்கியதும் ஆய்வு முறைக்கு ஒவ்வாதவை என்பதால் அந்த முடிவு நிராகரிக்கப்பட்டது.

எனவே விழுப்புரம் மாவட்டத்துக்கு உடனடியாக ஒரு செனட்டரை நியமிக்க இக்கட்டுரை பரிந்துரைக்கிறது. அவருக்கு அலுவலகம் வேண்டாம், கார் வேண்டாம். காலை எட்டு மணிப் பேருந்தில் ஏறி விழுப்புரம் வரை மழுப்பிக்கொண்டு வந்தால் போதும். கள்ளக்குறிச்சி 2019இல் தனி மாவட்டமாகப் பிரிந்துவிட்டதால், அவர்களுக்குத் தனியாக ஒருவரை அவர்கள்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.