பிராசசர் ஆயுள் நிர்ணயம்: ஒரு சாக்கெட்வாதியின் ஆய்வுரை

யாப்பில் அரை மாத்திரைக்காகத் தலைமுறை தலைமுறையாகச் சண்டையிட்ட சமூகம் நம்முடையது. அதே சமூகம் ரிச்சி ஸ்ட்ரீட்டில் அரை லட்சத்துக்கும் மேலே எண்ணிக் கொடுத்துவிட்டு, கடைக்காரர் எடுத்து வைத்த பிராசசரைக் கேள்வி கேட்காமல் வாங்கி வருகிறது. இந்த அவலத்தைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

ஆய்வெல்லை டெஸ்க்டாப் மட்டுமே. லேப்டாப்பில் பிராசசரைப் போர்டோடு சாலிடர் வைத்துவிடுகிறார்கள். வாங்கிய அன்றே விதி எழுதப்பட்டுவிடுவதால் அங்கே ஆய்வாளருக்கு வேலையில்லை.

முதற்கண் ‘நெடுநாள்’ என்பதை வரையறுக்க வேண்டும். கடைக்காரர் மரபில் அது “பத்து வருஷத்துக்குக் கவலையே இல்ல சார்”. கம்பெனி மரபில் மூன்று வருட வாரண்டி. பணம் தரும் தந்தையர் மரபில், பையன் காலேஜ் முடிக்கும்வரை. இவ்வாய்வு நான்காவதாக ஒன்றைக் கொள்கிறது: மதர்போர்டை மாற்றாமலும், புதிதாக வரும் எந்த விளையாட்டையும் ‘நம்ம சிஸ்டத்துல ஓடாது’ என்று ஒதுக்காமலும் கழியும் காலமே நெடுநாள்.

இத்துறையில் முன்னோர் கொள்கைகளுள் தலையாயது எண் கொள்கை. ஐ3-ஐவிட ஐ5 பெரிது, ஐ5-ஐவிட ஐ7 பெரிது என்பது இதன் சாரம். மூன்றாம் வகுப்புக் கணக்கை ஆதாரமாகக் கொண்டிருப்பதால் இதை மறுப்பது கடினம். ஆயினும் மறுக்கலாம். 2017 தொடக்கத்தில் ஐ7-7700 என்ற பெயரில் நான்கு கோர், எட்டுத் த்ரெட் கொண்ட பிராசசர் விற்றது. 2020இல் அதே நான்கு கோரும் எட்டுத் த்ரெட்டும் ஐ3-10100 என்ற பெயரில், பாதி விலைக்கும் கீழே கிடைத்தன. பெட்டியின் மேல் அச்சிட்ட எண் அந்த வருடத்துப் பந்தியில் எந்த வரிசை என்பதை மட்டுமே சொல்லும்; எத்தனை வருடம் பந்தி நடக்கும் என்று சொல்லாது.

அடுத்தது புராணக் கொள்கை. 2011 ஜனவரியில் வந்த ஐ5-2500கே இதன் நாயகன். இப்பெயரைச் சொன்னால் இன்றும் சில நடுவயதினருக்குக் குரல் தழுதழுக்கும். நான்கே கோரை வைத்துக்கொண்டு ஆறேழு வருடம், வந்த கிராஃபிக்ஸ் கார்டையெல்லாம் தாங்கியது. அந்த மாதிரி ஒன்றைத் தேடிப்பிடி என்பதே இக்கொள்கையார் உபதேசம். ஆனால் அது ஏன் அவ்வளவு காலம் வாழ்ந்தது? அதே 2011இல் ஏஎம்டி இறக்கிய புல்டோசர் விளையாட்டில் சோபிக்கவில்லை. எதிராளி இல்லாத களத்தில் இன்டெல் சாதாரண டெஸ்க்டாப்புக்கு 2017 வரை நான்கு கோருக்கு மேல் தரவே இல்லை. விளையாட்டு எழுதுபவர்களும் பெரும்பாலும் அந்த நான்கை நம்பியே எழுதினார்கள். ஆக 2500கே-யின் புகழில் சரிபாதி ஏஎம்டியின் தோல்விக்குச் சேர வேண்டியது. எதிர்க் கம்பெனி அடுத்த ஆறு வருடம் தூங்குமா என்று விசாரித்துவிட்டுப் பிராசசர் வாங்குவது நடைமுறைக்கு ஒத்துவராது.

எதிராளி விழித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு இன்டெல்லின் ஐ7-7700கே சாட்சி. 2017 ஜனவரியில் அது அரியணை ஏறியது. மார்ச்சில் ஏஎம்டியின் எட்டு கோர் ரைசன் வந்தது. அக்டோபரில் இன்டெல்லே ஆறு கோர் கொண்ட 8700கே-யை இறக்கியது. பழையதைப் போலவே சாக்கெட்டில் 1151 முனைகள்தாம். ஆனால் பழைய போர்டு அதை ஏற்காது என்று அறிவிப்பு. 2021இல் விண்டோஸ் 11 வந்தபோது இன்டெல்லில் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை முதல்தான் அனுமதி. ஏழாம் தலைமுறையான 7700கே வாசலில் நிறுத்தப்பட்டது. அதன் வேகம் துளியும் குறையவில்லை என்பதைக் கவனிக்க.

இதிலிருந்து இவ்வாய்வின் மையக் கருதுகோள் பிறக்கிறது: பிராசசர் தானாக மூப்படைவதில்லை, பிறர் அதை மூப்படையச் செய்கிறார்கள். 2016இல் ‘நோ மேன்ஸ் ஸ்கை’ வெளியானபோது ஏஎம்டி ஃபினம் வைத்திருந்தவர்களுக்கு அது திறக்கவே இல்லை. எஸ்எஸ்இ 4.1 என்ற கட்டளைத் தொகுதி அந்தச் சில்லில் கிடையாது. பிறகு விளையாட்டுக் கம்பெனியே இறங்கிவந்து திருத்தம் வெளியிட்டது. இப்படிப்பட்ட வெளியாட்களுள் வலியவர் கன்சோல். 2020 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டிலும் எட்டு கோர். பெரிய விளையாட்டுகள் அந்தப் பெட்டிகளை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. ஆகவே எட்டு கோருக்குக் கீழே இறங்க வேண்டாம், பதினாறுக்கு ஏறவும் வேண்டாம். வீடியோ எடிட்டிங் செய்வேன் என்று வீட்டில் சொல்லிப் பதினாறு வாங்குவோர் தனி இனம். அவர்கள் எடிட் செய்து முடித்த வீடியோ எதுவும் ஆய்வாளர் பார்வைக்குக் கிட்டவில்லை.

இனி சாக்கெட் இயல். இங்கே வைணவ மரபின் துணை தேவைப்படுகிறது. குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்வதுபோல் ஜீவன் இறைவனைப் பற்ற வேண்டும் என்பது வடகலை. பூனைக் குட்டியைத் தாய் கவ்விச் செல்வதுபோல் இறைவனே பார்த்துக்கொள்வான் என்பது தென்கலை. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் சந்தேகமில்லாமல் வடகலை. 1331 பின்களும் பிராசசரின் அடியில் இருந்தன. அது போர்டைத் தானே பற்றியது. சில நேரம் பிடி தவறி, கூலரைக் கழற்றும்போது அதோடு ஒட்டிக்கொண்டு வெளியே வந்துவிடும். இன்டெல் 2004 முதலே தென்கலை. பின்கள் போர்டில் இருக்கும், பிராசசர் தட்டையாகக் கிடக்கும், மேலிருந்து ஒரு கொக்கி அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். 2022இல் ஏஎம்5 வந்தபோது ஏஎம்டியும் 1718 முனைகளோடு தென்கலைக்கு மாறியது. இதற்காக எந்தக் கோவிலிலும் வழக்கு நடக்கவில்லை. நடைமுறை விளைவு ஒன்று உண்டு: முன்பு பின் வளைந்தால் பிராசசர் போகும், இப்போது மதர்போர்டு போகும்.

பின் எங்கே இருந்தாலும், சாக்கெட் எத்தனை காலம் உயிரோடிருக்கும் என்பதே கேள்வி. 2017இல் முதல் ரைசனுக்காக வாங்கிய போர்டுகள் பலவற்றில், 2022 ஏப்ரலில் வந்த 5800எக்ஸ்3டி-யை உட்கார்த்தி வைக்க முடிந்தது. இது எளிதில் கிடைத்த வரமல்ல. பல பழைய போர்டுகளில் பயாஸ் சில்லில் 16 எம்பிதான் இடம். எல்லாத் தலைமுறைக்கும் அதில் இடம் போதவில்லை. 2020இல் புதிய பிராசசர்களைச் சற்றே பழைய போர்டுகளுக்குத் தர மாட்டோம் என்றது ஏஎம்டி. வாங்கியவர்கள் போட்ட கூச்சலில் அதே மாதம் மனம் மாறியது. அதற்கும் முந்தைய போர்டுகளுக்கு வழிவிட 2022 ஆயிற்று. எதிர்த்தரப்பில் எல்ஜிஏ 1700 சாக்கெட் 12, 13, 14 என்று மூன்று தலைமுறை கண்டது. 2024இல் 1851 வந்துவிட்டது.

5800எக்ஸ்3டி பற்றி ஒரு வார்த்தை. உடன்பிறந்த 5800எக்ஸைவிட இதன் கிளாக் வேகம் குறைவு. விளையாட்டில் மட்டும் இது முந்தியது. காரணம், மேலே அடுக்கிய 64 எம்பி கேஷ். முன்பிருந்த 32-உடன் சேர்த்து 96. எதிரி எங்கே, குண்டு எங்கே, சுவர் எங்கே என்று சிதறிக்கிடக்கும் தகவலை ஒவ்வொரு முறையும் ராமிடம் போய்க் கேட்டுவருவதில்தான் பிராசசரின் நேரம் வீணாகிறது. பக்கத்திலேயே பெரிய கேஷ் இருந்தால் அந்தப் பயணம் குறையும். கிகாஹெர்ட்ஸைப் பார்த்து வாங்குபவருக்கு இது கடைசிவரை புரியாது.

கிகாஹெர்ட்ஸின் கதை 2024இல் இன்னும் மோசமானது. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை உயர்ரகங்கள் அளவுக்கு மீறி வோல்டேஜ் கேட்டுத் தாமே தேய்ந்தன. மைக்ரோகோடு திருத்தமும், கூடுதலாக இரண்டு வருட வாரண்டியும் கொடுக்க வேண்டியதாயிற்று. ஏஎம்டி அன்பர்கள் இதற்குச் சிரிக்க வேண்டாம். 2023இல் சில போர்டுகள் தந்த அதிக வோல்டேஜில் 7000 வரிசை எக்ஸ்3டி-கள் சில கருகியதும் வரலாற்றில் உண்டு.

எனவே ஆய்வாளரின் பரிந்துரை: சாக்கெட்டின் இளமையில் போர்டை வாங்கு, முதலில் நடுத்தரப் பிராசசர் போடு, இரண்டாம் படியாக நான்கைந்து வருடம் கழித்து அதே சாக்கெட்டின் கடைசித் தலைமுறையில் பெரிய கேஷ் கொண்டதைப் போடு. ஏஎம்5-க்கு 2027 தாண்டியும் ஆதரவு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஆடுபவர் இரண்டாம் படியை மறந்தும்விடலாம். ஒரு ஃபிரேமுக்கு அவருக்கு 16 மில்லிசெகண்டுக்கு மேல் அவகாசம் இருக்கிறது. 144 ஹெர்ட்ஸ்காரருக்கு ஏழுகூட இல்லை.

இரண்டாம் படியில் ஒரு சிக்கல் உண்டு. புதுப் பிராசசரை அடையாளம் காண போர்டுக்குப் புது பயாஸ் வேண்டும். பயாஸை ஏற்றப் பழைய பிராசசர் வேண்டும். பழையதை விற்ற காசில்தான் புதியதே வந்திருக்கும். 2018இல் இதில் மாட்டிக்கொண்டவர்களுக்கு ஏஎம்டி ஒரு பழைய பிராசசரைத் தபாலில் இரவல் அனுப்பி, வேலை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொண்டது. இப்போது பல போர்டுகளின் பின்பக்கம், பிராசசரே இல்லாமல் பென் டிரைவிலிருந்து பயாஸ் ஏற்ற ஒரு சிறு பட்டன் இருக்கிறது. வாங்கும்போது அது இருக்கிறதா என்று போர்டைத் திருப்பிப் பார்க்கவும். இல்லையென்றால், புதுப் பிராசசரில் திரை எரியும்வரை பழையதற்கு ஓஎல்எக்ஸில் விளம்பரம் போட வேண்டாம்.