வாங்கப்போகிறவர்

தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைப் பக்கம் டீ குடிக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். பெயர் வேண்டாம். ஊருக்கு ஒருவர் இப்படி இருக்கிறார். இவர் எங்களுக்கு வாய்த்தவர். ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். கேமரா வாங்கப்போகிறவர். எப்போதிலிருந்து என்றால், நிக்கான் டி90 வந்த 2008-லிருந்து. வீடியோவும் எடுக்கிற முதல் டிஎஸ்எல்ஆர் என்று எல்லோரும் வாயைப் பிளந்தபோது, "கொஞ்சம் விலை இறங்கட்டும்" என்றார். இறங்கியது. அதற்குள் கேமரா பழசாகிவிட்டது. பழசை வாங்குவதா, புதுசை வாங்குவதா என்ற விசாரணை அன்று தொடங்கியது.

புதுச்சேரிக்கு இது பெரிய தாமதமில்லை. பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்தது 1954 நவம்பர் 1. சட்டப்படி ஒப்படைத்தது 1962 ஆகஸ்ட் 16. ஊர் கைமாறவே அவ்வளவு இழுத்தது. ஒரு கேமரா கைமாறுவதற்கு என்ன அவசரம்?

இப்போது வழக்கில் இருப்பவை இரண்டு. கேனான் 7டி, 2009-ல் வந்தது, செகண்ட் ஹேண்ட். கேனான் 1500டி, 2018-ல் வந்தது, டப்பா பிரிக்காதது. டீக்கடை பெஞ்சில் இரண்டு கிளாஸை எதிரெதிரே வைத்து விளக்குவார். இரண்டுக்கும் காசு நான்தான் கொடுப்பேன்.

"தம்பி, இது 18 மெகாபிக்சல், அது 24. நீ எதை எடுப்பே?"

"24தாண்ணே."

"அங்கதான் ஏமாந்தே. 7டி ஒரு செகண்டுக்கு எட்டுப் படம் எடுக்கும். ஃபோகஸ் பாயின்ட் 19. உன்னோட புதுசு மூணு படம், ஒன்பது பாயின்ட். ஊசுட்டேரியில நாரை எழும்புது. மூணு படத்துல உனக்கு என்ன கிடைக்கும்? வால் கிடைக்கும்."

"அப்ப 7டியே வாங்கிடுங்கண்ணே."

உடனே முகம் மாறும். "வாங்கலாம். ஆனா அதுக்கு எஸ்டி கார்டு சேராது, சிஎஃப் கார்டு வேணும். அதை எங்க போய்த் தேடுறது? ராத்திரி கோயில் திருவிழாவுல ஐஎஸ்ஓ ஏத்தினா படம் பூரா புள்ளி. அதுவுமில்லாம, வாரண்டி யார் குடுப்பா?" பேச்சு முடிகிறபோது 1500டியில் ஆடை படிந்திருக்கும். 7டியை அவரே குடித்திருப்பார்.

ஒரு கல்யாண போட்டோகிராபர் 7டியை விற்கிறார் என்று கேள்விப்பட்டு என்னையும் அழைத்துப் போனார். அவர் லென்ஸைக் கையில் எடுக்கிற அழகைப் பார்க்க வேண்டும். உடம்பிலிருந்து கழற்றி, செல்போன் டார்ச்சைப் பின்பக்கமாகப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தார். கடல்காற்று ஊரில் மூடிவைத்த லென்ஸுக்குள் பங்கஸ் வரும். சிலந்தி நூல் மாதிரி ஓரத்திலிருந்து கிளம்பும். நூல் இல்லை. மனிதருக்கு ஏமாற்றமே. பிறகு ஷட்டர் கவுண்ட் கேட்டார். 7டியின் ஷட்டருக்குக் கம்பெனி சொல்லும் ஆயுள் ஒன்றரை லட்சம் கிளிக். கல்யாணக்காரர் கை பட்டதென்றால் ஒரு முகூர்த்தத்துக்கே ஆயிரக்கணக்கில் போயிருக்கும். நிக்கானில் எடுத்த படத்தைப் பார்த்தாலே அந்த எண்ணிக்கை தெரியும். இந்த கேனானை கம்ப்யூட்டரில் சொருகி, அதற்கென்று உள்ள சாஃப்ட்வேரில்தான் பார்க்க வேண்டும். லேப்டாப் இருக்கிறதா என்றார்.

"ஏண்ணே, போட்டோ எடுக்கப்போறீங்களா, போஸ்ட்மார்ட்டம் பண்ணப்போறீங்களா?" என்றார் விற்க வந்தவர்.

வருஷா வருஷம் ஆகஸ்டில் பிரான்சிலிருந்து மச்சான் வருவார். கிளம்புமுன் போன் போட்டு, "கேமரா எது வாங்கிட்டு வரட்டும்?" என்று கேட்பார். இவர், "அடுத்த மாடல் வருது, பொறு" என்பார். மச்சான் சென்ட் பாட்டிலோடு வந்து சேர்வார். 2023-ல் கேனான் ஆர்100 வந்தபோது நாங்கள் நம்பிக்கையோடு இருந்தோம். மிரர்லெஸ், புதுசு, விலையும் கைக்கு அடக்கம். "ஸ்கிரீனைத் தொட்டா ஒண்ணும் ஆகாதாம். டச் ஸ்கிரீனே கிடையாதாம்" என்று அதையும் தள்ளிவிட்டார். அது உண்மைதான். அவர் சொல்கிற எதுவுமே பொய்யில்லை என்பதுதான் இதில் உள்ள கஷ்டம்.

அவர் பேச்சைக் கேட்டு வாங்கியவர்கள் உருப்பட்டிருக்கிறார்கள். எங்கள் தெருப் பையன் ஒருவனிடம் அவன் தாத்தாவின் பழைய நிக்கான் லென்ஸ் ஒன்று இருந்தது. "புது டி3500 வாங்கினா அதுல ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது. உடம்புக்குள்ள மோட்டார் இல்லை. 2010-ல வந்த டி7000-ல மோட்டார் இருக்கு" என்றார். பையன் செகண்ட் ஹேண்டில் டி7000 வாங்கினான். இப்போது ஒயிட் டவுன் மஞ்சள் சுவர்களின் முன் புதுமண ஜோடிகளை நிறுத்திச் சம்பாதிக்கிறான். முதல் படம் குருவைத்தான் எடுத்தான். அதில் அவர் பார்வை, லென்ஸின் விளிம்பில் ஏதோ கீறலைத் தேடிக்கொண்டிருக்கிறது.

சும்மா சொல்லக்கூடாது, ஒன்று வாங்கியிருக்கிறார். காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பேரம் பேசி ஒரு கேமரா பை. அதில் டிபன் பாக்ஸ் கச்சிதமாக உட்காருகிறது; லென்ஸ் வைக்கிற தடுப்பில் தண்ணீர் பாட்டில். ஈரம் ஏறாமலிருக்க சிலிக்கா ஜெல் பொட்டலமும் போட்டிருக்கிறார். இந்த விசாரணை முடிவதற்குள் மகள் பிறந்து, வளர்ந்து, பாலிடெக்னிக்கும் சேர்ந்துவிட்டாள். அவள் படங்கள் அத்தனையும் அண்ணி செல்போனில் எடுத்தவை. நன்றாகவே இருக்கின்றன.

என் கட்சி பழசுதான். பங்கஸ் இல்லாமல், ஷட்டர் ஓய்ந்துபோகாமல் கிடைத்தால், அதே காசில் ஒரு படி மேலான கேமரா கைக்கு வரும். ஆனால் நீங்கள் அவரிடமே யோசனை கேட்கப்போவதாக இருந்தால், நேரம் பார்த்துப் போங்கள். ராத்திரி முழுக்க செகண்ட் ஹேண்ட் விளம்பரங்களைப் படித்துவிட்டு வருவதால், காலையில் பழசு என்பார். ஷிஃப்ட் முடிந்து, மெஷின்கள் ரிப்பேரான எரிச்சலோடு வருவதால், சாயங்காலம் புதுசு என்பார். எது வேண்டுமென்று முதலில் நீங்கள் முடிவு செய்துகொண்டு, அதற்கேற்ற நேரத்தில் போய்க் கேளுங்கள்.