மரத்தடியும் மதியச் சோறும்

கேள்வி: மரத்தடிப் பள்ளியில் தட்டேந்தி நின்ற நாட்களை நினைத்தால் இப்போதும் பசிக்கிறதே, ஏன்? (ஒரு வாசகி, ஆரணி)

பதில்: பசித்தால்தானே, அம்மா, பள்ளிக்கூட ஞாபகம்! நிழல் நகர நகர வகுப்பும் நகர்ந்த காலம் அது. அமெரிக்கா வரைபடத்தில் எங்கே என்று தெரியும் முன்பே, 'கேர்' என்ற அந்நாட்டு உதவி அமைப்பின் கோதுமை உப்புமாவால் நாக்குக்குத் தெரிந்துவிட்டது.

உங்கள் ஊர்க் கதை இன்னும் பெரிது. பட்டுத்தறியில் கரையைச் சேலையின் உடலோடு இணைக்கும் கோர்வை போட, மறுபக்கம் நாடா தள்ள ஒரு சின்னக் கை வேண்டும். அந்தக் கைக்குச் சிலேட்டைக் கொடுக்கச் சட்டம் திணறியபோது, பள்ளி மதியச் சோற்றின் சாம்பார் பெரிதும் உதவியது. 1920-இல் சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில், மாநகராட்சித் தலைவர் தியாகராயர் மூட்டிய அடுப்பு அது. 1956-இல் காமராசர் அதை ஊரூராகக் கொண்டுபோனார், 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக்கினார். முட்டை பிறகு வந்தது. அதற்குத் தனி வரிசை, தனி ஆரவாரம்!

2022 முதல் காலை உணவும் உண்டு. எனக்கு இதில்தான் மகிழ்ச்சி அதிகம். விடியுமுன் தறியில் உட்காரும் தாய்க்கு, அடுப்புப் பக்கம் ஓட நேரமேது?