துணைக்கு ஆள் ரெடி

எங்கள் பக்கத்து அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் ‘சக மாணவர் வழிகாட்டிகள்’ தயார். அறிவுசார் குறைபாடுள்ள மாணவர்களுக்குத் தோள் கொடுக்கப் போகிறவர்கள். அரை நாள் பயிற்சி ஆயிற்று, மதியம் பிரிஞ்சி ஆயிற்று, நெஞ்சில் ‘நானிருக்கிறேன்’ என்று அச்சடித்த டி-ஷர்ட்டும் ஆயிற்று. ஒரே ஒரு சின்னக் குறை. அப்படிப்பட்ட மாணவர் ஒருவர்கூடக் கல்லூரியில் இல்லை.

ஏன் இல்லை என்று கேட்டேன். “அவங்க அப்ளை பண்றதில்ல சார்” என்றார் ஒருங்கிணைப்பாளர். ஏதோ அவர்களுக்குத்தான் சோம்பேறித்தனம் என்கிற தொனி.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. அதன் 32ஆம் பிரிவு அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 விழுக்காடு இடம் ஒதுக்கச் சொல்கிறது. 40 விழுக்காடு குறைபாடு என்று சான்று இருந்தால் போதும். அறிவுசார் குறைபாடு ‘லேசானது’ என்று எழுதினாலே சான்றிதழில் அது 50 விழுக்காடு. ஆக, சட்டக் கணக்கில் பையன் பாஸ். அடுத்து விண்ணப்பத்தில் ஒரு கட்டம்: பிளஸ் டூ மதிப்பெண். சிறப்புப் பள்ளியிலேயே வளர்ந்து, மெழுகுவர்த்தி ஊற்றவும் காகிதப் பை ஒட்டவும் மட்டுமே கற்றுத் தரப்பட்டவன் மார்க் ஷீட்டுக்கு எங்கே போவான்? இலை போட்டுவிட்டுப் பந்திக் கதவைப் பூட்டுகிற விருந்தோம்பல் இது.

டிசம்பர் 3 மட்டும் விதிவிலக்கு. மாற்றுத்திறனாளிகள் தினம். வழிகாட்டிகளுக்கு அன்றாவது வேலை வேண்டுமே! பக்கத்துச் சிறப்புப் பள்ளியிலிருந்து வேனில் ஆட்களை வரவழைத்தார்கள். ஒன்பது மணிக்கு வந்தவர்கள், பதினொன்றரைக்கு வரும் சிறப்பு விருந்தினருக்காகக் காத்திருந்தார்கள். காத்திருப்பதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை, நாம்தான் பழக்கிவிட்டோமே.

இருபது வயது இருக்கும், மழமழவென்று சவரம் செய்த இளைஞர் ஒருவர். பக்கத்து நாற்காலி வழிகாட்டியிடம் “இங்க கேன்டீன்ல டீ எவ்வளவு?” என்றார். அந்தப் பெண் அவரைப் பார்க்கவில்லை, கூட வந்த டீச்சரைப் பார்த்தாள். “பையன் என்ன கேக்கறான் மேடம்?”

“டீ எவ்வளவுன்னு கேக்கறார்மா.”

“அச்சோ, ஸோ ஸ்வீட்!” உடனே ஒரு செல்ஃபி. டீயும் வரவில்லை, விலையும் தெரியவில்லை.

விருந்தினர் மேடையேறி “இந்தத் தெய்வக் குழந்தைகள்” என்று குரல் தழுதழுத்தார். தெய்வக் குழந்தைகளால் ஒரு பெரிய வசதி உண்டு: அவர்களுக்கு அட்மிஷன் தர வேண்டியதில்லை. படங்களெல்லாம் கல்லூரிக்குத் தர மதிப்பீடு போடும் நாக் குழு வரும்போது கோப்பில் ஏறும், சாய்தளப் படத்துக்கு அடுத்த பக்கத்தில். ஒரு சாய்தளம் கட்டிவிட்டால் எல்லாக் குறைபாடும் அதன் வழியே ஏறி வந்துவிடும் என்பது நம் நிர்வாகங்கள் கண்டுபிடித்த அறிவியல்.

அமெரிக்காவைத் தூக்கிப் பிடிக்க எனக்கு ஆசையில்லை. அங்கே அறிவுசார் குறைபாடுள்ள மாணவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது பட்டமல்ல, சான்றிதழ்தான். கட்டணத்தைக் கேட்டால் மயக்கம் வரும். ஆனால் 2008இல் உயர்கல்விச் சட்டத்தைப் புதுப்பித்தபோது, பள்ளி இறுதிச் சான்று இல்லாவிட்டாலும் அங்கீகாரம் பெற்ற கல்லூரித் திட்டத்தில் சேர்ந்தால் ‘பெல்’ என்கிற அரசு உதவித்தொகை கேட்கலாம் என்று வைத்தார்கள். படிப்பில் குறைந்தது பாதி, குறைபாடில்லாத மாணவர்களோடு சேர்ந்து நடக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. முதலில் மாணவர் உள்ளே வந்தார், பிறகுதான் வழிகாட்டி. அவர் செய்வதும் பெரிய புனித காரியமில்லை. டைம் டேபிள் பார்க்கப் பழக்குவது, வகுப்பில் பக்கத்தில் உட்காருவது, மதியம் சேர்ந்து சாப்பிடுவது. கல்லூரியில் எல்லோரும் எல்லோருக்கும் செய்வதுதான்.

பிளஸ் டூ கேட்காமல் ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்பு ஒன்று தொடங்கி நான்கு பேரையாவது சேர்க்கக் கூடாதா என்று ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டேன். பல்கலைக்கழகம், விதிமுறை, நிதி என்று சுற்றி வந்தவர், கடைசியில் குரலைத் தாழ்த்தி, “மத்த பேரன்ட்ஸ் என்ன சார் சொல்வாங்க? காலேஜ் பேர் என்ன ஆகிறது?” என்றார். பக்கத்தில் உட்கார்ந்தால் தீட்டு என்று தலைமுறை தலைமுறையாகப் பழகிய புத்தி, இப்போது ‘காலேஜ் பேர்’ என்கிறது.

போன வாரம் அங்கிருந்து அழைப்பிதழ் வந்திருக்கிறது. ‘சிறந்த வழிகாட்டி விருது’ விழாவாம். விண்ணப்பங்கள் குவிகின்றன என்று கேள்வி. அதற்கு மட்டும் பிளஸ் டூ மார்க் ஷீட் கேட்கவில்லை. வழிகாட்டிய மாணவரின் பெயரையும் கேட்கவில்லை.