அரை மில்லிமீட்டர் அவஸ்தை

அமெரிக்காவில் கடைக்குப் போய் ரைஃபிள் வாங்கினால் படிவம் நிரப்ப வேண்டும், பின்னணி விசாரணைக்கும் காத்திருக்க வேண்டும். ஆனால் ஃபெடரல் சட்டத்தின் கண்ணில் சீரியல் நம்பர் பொறித்த உடற்பகுதி ஒன்றுதான் துப்பாக்கி. குழல், தோளில் பதிக்கும் கட்டை, கைப்பிடி எல்லாம் பெரும்பாலும் வெறும் உதிரிபாகங்கள். செருப்பும் சட்டையும் வருகிற அதே வண்டியில் வாசலுக்கு வந்து இறங்கிவிடும்.

பாகம் வந்த அட்டைப்பெட்டியில் ‘மாட்டுவது பத்து நிமிட வேலை’ என்று போட்டிருக்கும். அதே வேலையை ஆயிரம் முறை செய்தவருக்கு அது பத்து நிமிடம். வீட்டிலேயே மாட்டிப் பார்க்கத் துணியும் நம் ஆளோ ரைஃபிளில் தோட்டா இல்லையென்று சரிபார்த்து, சாப்பாட்டு மேஜையில் பழைய துண்டை விரித்து, சனிக்கிழமை காலை காபியோடு உட்கார்கிறார்.

அவர் மேஜையில் கிடப்பது பெரும்பாலும் ஏ.ஆர்.-15 ஆகத்தான் இருக்கும். யூஜின் ஸ்டோனர் 1950களில் ஆர்மலைட் நிறுவனத்தில் இருந்தபோது வடிவமைத்தது. 1959-இல் உரிமை கோல்ட் நிறுவனத்துக்குப் போனது. 1977-இல் ஸ்டோனரின் காப்புரிமைக் காலம் முடிந்தபின் யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றாயிற்று, செய்தார்கள். இன்று ஒரே ரைஃபிளுக்குப் பல ஊர்ப் பட்டறைகளிலிருந்து பாகம் வருகிறது. பொருந்தவே பொருந்தாத பாகத்தால் தொல்லையில்லை, திருப்பி அனுப்பிவிடலாம். முக்கால்வாசி பொருந்துவதுதான் ஆளைக் கெடுக்கும். இன்னும் ஒரு தட்டு தட்டினால் போய்விடும் என்று தோன்றும். சுத்தியலும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும்.

தோள்கட்டையையே எடுத்துக்கொள்வோம். அது ரைஃபிளின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அலுமினியக் குழாயில் ஏற வேண்டும். குழாயில் இரண்டு ரகம். ராணுவ அளவு என்றால் விட்டம் 1.148 அங்குலம், வணிக அளவு என்றால் 1.168. வித்தியாசம் அரை மில்லிமீட்டர்தான். சிறிய அளவுக் கட்டை பெரிய குழாயில் ஏறாது. பெரிய கட்டை சின்னக் குழாயில் சுகமாக ஏறி, பிறகு காலமெல்லாம் லொடலொடவென்று ஆடும். எது எந்த ரகம் என்று கண்ணால் பார்த்து நிச்சயமாகச் சொல்ல முடியாது. வெர்னியர் காலிபர் வேண்டும். அது வீட்டில் இருக்காது. அதற்கு ஓர் ஆர்டர்.

டெலஸ்கோப்பைத் தாங்கும் பல்வரிசைத் தண்டவாளத்திலும் இதே கதை. 1995-இல் அமெரிக்க ராணுவம் தரப்படுத்திய பிகாட்டினி ரகத்தில் பள்ளத்தின் அகலம் 0.206 அங்குலம். அதற்கு மூத்த வீவர் ரகத்தில் 0.180. வீவருக்கான பிடிப்பு பிகாட்டினியில் உட்காரும். பிகாட்டினிக்கானது வீவரில் உட்காராது. மாமியார் வீட்டு உரிமை மாதிரி, ஒரு பக்கம்தான் செல்லும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. உடற்பகுதியின் இரண்டு பாதிகளை முன்பக்கம் இணைக்கும் பின்னை நழுவாமல் பிடிக்க, சுண்டுவிரல் நகத்தில் அடங்கிவிடும் ஒரு குச்சி. அதன் பின்னால் மெல்லிய ஸ்பிரிங். ஒரு கையால் குச்சியை அமுக்கிக்கொண்டு, மறு கையால் பின்னை உள்ளே தள்ள வேண்டும். மூன்றாவது கை இருந்தால் உத்தமம். கொஞ்சம் பிசகினால் ‘டிக்’ என்றொரு சத்தம் மட்டும் கேட்கும். பிறகு குடும்பமே நாலு காலில் கார்ப்பெட்டைத் தடவும். மனைவி டார்ச் பிடிப்பார், வாக்குவம் கிளீனரைத் தொடக்கூடாது என்று வீட்டில் சட்டம் வரும். அனுபவசாலிகள் பெரிய பிளாஸ்டிக் பைக்குள் கைகளை விட்டுக்கொண்டுதான் இதை மாட்டுகிறார்கள். பார்க்கச் சகிக்காது, ஆனால் ஸ்பிரிங் பையைத் தாண்டாது. இப்படித் தொலைகிற உருப்படிகளை மட்டும் பொறுக்கித் தனிப் பொட்டலமாகவே விற்கிறார்கள். வாடிக்கையாளரை இவ்வளவு துல்லியமாகப் புரிந்துகொண்ட வியாபாரம் வேறு உண்டா என்பது சந்தேகம்.

கடைசியில் முறுக்குகிற படலம். குழலைப் பிடிக்கும் நட்டை 30 முதல் 80 அடி-பவுண்டு வரை முறுக்கலாம். டெலஸ்கோப் வளையத்தின் குட்டித் திருகுக்குப் பெரும்பாலும் 15 முதல் 18 அங்குல-பவுண்டு போதும். அடிக்கும் அங்குலத்துக்கும் பன்னிரண்டு மடங்கு வித்தியாசம் என்று பள்ளியில் படித்தது, திருகின் தலை துண்டாகி உருளும்போதுதான் நினைவுக்கு வரும். மிச்சத் திருகுகளுக்காவது பிடிப்பு இருக்கட்டும் என்று பசை தடவுவார். நீலப் பசை என்றால் சாதாரணக் கருவியால் கழற்றலாம். சிவப்பு என்றால் நன்றாகச் சூடு காட்டினால்தான் விடும். அவர் கையில் கிடைப்பது சிவப்பு.

ஆகவே திங்கட்கிழமை, ரைஃபிள் பாதியும் ஜிப் பையில் பாதியுமாகத் துப்பாக்கி மெக்கானிக்கின் பட்டறைக்குப் போகிறது. அமெரிக்கப் பட்டறைகளில் வேடிக்கையாக ஒரு கூலிப் பலகை தொங்கும்: நாங்களே செய்தால் இவ்வளவு, நீங்கள் நின்று பார்த்தால் அதைவிடக் கூட, கூடமாட உதவி செய்தால் இன்னும் கூட, வீட்டிலேயே முயன்றுவிட்டு வந்திருந்தால் எல்லாவற்றிலும் அதிகம். மெக்கானிக் பையைத் தூக்கி ஒரு குலுக்கு குலுக்குகிறார். பலகையின் கடைசி வரியைக் காட்டுகிறார். ஸ்பிரிங்குக்குத் தனி என்கிறார்.