வியூ வேண்டாம், சுவர் போதும்

இரண்டு மேசை, நாலு நாற்காலி, ஒரு பிளக் பாயின்ட். கொடைக்கானலில் சின்னதாகத் தொழில் நடத்த வருகிறவர் கேட்பது இவ்வளவுதான். அதற்குக் கிடைக்கிற பதில், ‘வியூ இருக்கு சார்.’ இந்த வாரமும் அதே பதில்தான். கதவைத் திறந்ததும் புரோக்கர் நேராக ஜன்னலுக்குப் போகிறார். சுவிட்ச் எங்கே என்று கேட்டால் பள்ளத்தாக்கைக் காட்டுகிறார். பாத்ரூம் எங்கே என்றாலும் பள்ளத்தாக்கைத்தான் காட்டுகிறார். வெளியூர்க்காரர் இந்த மலையில் ஆபீஸ் பிடிக்க உருப்படியான வழி ஒன்று இருக்கிறது. அதைச் சொல்வதற்காகத்தான் இந்தக் கட்டுரை. ஆனால் அதற்கு முன் இந்த வியூ விவகாரத்தை ஒரு கை பார்த்துவிட வேண்டும். கடுப்பு இன்னும் ஆறவில்லை.

வியூவில் ரகங்கள் உண்டு. லேக் வியூ, வேலி வியூ, கார்டன் வியூ. கடைசியாக பார்ஷியல் வியூ. அதாவது பாத்ரூம் வென்டிலேட்டர் வழியே எக்கிப் பார்த்தால் ஏரியின் ஒரு மூலை தெரியும். அந்த ஏரி மதுரை கலெக்டராக இருந்த வீர் ஹென்றி லெவிஞ்ச் 1863-ல் ஓடையை மறித்து உண்டாக்கியது. உண்டாக்கியவருக்கு ஒரு காசு ராயல்டி போகவில்லை, எதிரே ஜன்னல் வைத்தவருக்கு மாதாமாதம் போகிறது. சரி, காசு கொடுத்தாவது பார்க்க முடிகிறதா? இந்த ஊரில் வியூ என்பது பெரும்பாலும் மூடுபனி. தூண் பாறை நானூறு அடி உயரம் என்று எழுதிவைத்திருப்பார்கள். மஞ்சு மூடிவிட்டால் நானூறு அடியும் இருக்கிற இடம் தெரியாது. கோக்கர்ஸ் வாக்கில் டிக்கெட் எடுத்து உள்ளே போய், வெள்ளையாகத் தெரிகிற ஒன்றுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பாத தமிழ்க் குடும்பம் குறைவு. அவர்களாவது ஒரு தடவையோடு தப்பிக்கிறார்கள். ஆபீஸ்காரர் அதே வெள்ளைக்கு ஒன்றாம் தேதி தவறாமல் வாடகை கட்டவேண்டும். அதிலும் நேரக் கணக்கைப் பாருங்கள். பள்ளத்தாக்கு நன்றாகத் தெரிவது விடியற்காலையில், அப்போது ஆபீஸ் பூட்டியிருக்கும். ஆபீஸ் சூடு பிடிக்கிற மத்தியான வேளையில் மேகம் ஏறிவந்து ஜன்னலை அடைத்துக்கொள்ளும். தப்பித்தவறி வெயில் அடித்தால் கம்ப்யூட்டர் திரையில் ஒன்றும் தெரியவில்லை என்று கணக்குப் பார்ப்பவர் திரைச்சீலையை இழுத்து விடுவார். கரன்டுக்கு மீட்டர் இருக்கிறது, தண்ணீருக்கு மீட்டர் இருக்கிறது. வியூவுக்கும் ஒரு மீட்டர் வைத்து, மலை தெரிந்த மணி நேரத்துக்கு மட்டும் பில் போட்டால் இந்த ஊரில் பாதி ஓனர்கள் வாடகைக்காரருக்குப் பாக்கி வைத்திருப்பது தெரியவரும். இதில் குறிஞ்சி வேறு. ‘குறிஞ்சி பூத்தா இந்த ஜன்னல்ல இருந்தே பாக்கலாம்’ என்று அதையும் வாடகையில் சேர்க்கிறார்கள். குறிஞ்சி பூத்தது 2018-ல், அடுத்து 2030-ல். பதினொரு மாத அக்ரிமென்ட்டைப் பதின்மூன்று தடவை போட்டாலும் ஒரு பூவுக்கும் அடுத்த பூவுக்கும் நடுவே ஒரு மாதம் துண்டு விழுகிறது.

பதினொரு மாதம் என்ற அந்தக் கணக்கு மலையில் பிறந்ததல்ல. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவுசெய்தே ஆகவேண்டும் என்று 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொல்லிவிட்டதால், நாடு முழுவதும் ஒரு மாதத்தைக் கழித்து எழுதும் கலை வளர்ந்தது. தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்து, எல்லா அக்ரிமென்ட்டும் எழுத்தில் இருக்கவேண்டும், பதிவாகவேண்டும் என்றது. அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது என்றும் சொன்னது. கூடவே, ஒப்பந்தம் வேறுவிதமாக இருந்தாலொழிய, என்று ஒரு வாலையும் ஒட்டியது. தலையை யாரும் படிப்பதில்லை, வாலை எல்லா ஓனரும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். சமவெளியில் அந்தப் பன்னிரண்டாவது மாதம் வெறும் சட்டச் சாமர்த்தியம். கொடைக்கானலில் அதற்குப் பெயர் மே மாதம். ஏப்ரல் பிறந்தால் அறைக்கு ராத்திரிக் கணக்கில் விலை வந்துவிடுகிறது. ஒரு ராத்திரிக்கு இவ்வளவு என்று சம்பாதிக்கப் பழகிய அறை மாத வாடகைக்கு அடங்கி உட்காருமா? இங்கே அறைக்குப் பஞ்சம் இல்லை, பகலில் மட்டும் அதை உபயோகிக்கிற ஆளைத்தான் பிடிக்கவில்லை. ‘சீசன் முடியட்டும், பேசலாம்’ என்கிறார்கள். சீசன் முடிந்ததும் செப்டம்பரில் ரெண்டாவது சீசன் இருக்கிறது என்கிறார்கள்.

அடுத்த கேள்வி, ‘நீங்க எந்த ஊரு?’ பழங்குடிப் பளியரையும் மேல்மலை, கீழ்மலைக் கிராமத்தாரையும் விட்டுவிட்டால், இந்த ஊரில் எல்லாருமே கீழேயிருந்து ஏறி வந்தவர்கள்தான். 1821-ல் லெப்டினன்ட் வார்டு அளக்க வந்தார். 1845-ல் அமெரிக்க மிஷனரிகள் மதுரை வெக்கை தாங்காமல் பங்களா கட்டினார்கள். 1899-ல் சூரியனை ஆராயும் கூடமே சென்னையிலிருந்து குடிபெயர்ந்தது. சூரியன் வரைக்கும் இங்கே வெளியூர்க் கணக்குத்தான். ஆனால் 2020-க்கு மேல் வந்தவர் மட்டும் அந்நியர். இதைவிட வேடிக்கை, சீனக் குடிமகன் ஒருவர் இந்தியாவில் இடம் வாங்க நினைத்தால் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி வேண்டும், ஐந்தாண்டுக்கு மிகாத குத்தகைக்கு மட்டும் அது வேண்டாம். சீனருக்கு ஐந்தாண்டு கொடுக்கச் சட்டம் தயார், தேனிக்காரருக்குப் பதினொரு மாதம் கொடுக்க ஓனர் யோசிக்கிறார். சீனாவிலும் வெளிநாட்டார் கம்பெனி தொடங்கினால் முதலில் கேட்பது பதிவு முகவரிதான். ஆனால் ஷாங்காய், ஷென்ஷென் பக்கம் ஒரே ஒரு மேசையை வாடகைக்கு விட்டு முகவரி கொடுக்கிற கட்டடங்கள் இருக்கின்றன. மேசைக்கு வியூ உண்டா என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

உருப்படியான வழி என்று சொல்லியிருந்தேன், அதற்குத்தான் வந்துகொண்டிருந்தேன், ஈபி பில் குறுக்கே வந்துவிட்டது. நமது கம்பெனிச் சட்டப்படி கம்பெனி பதிவான 30 நாளுக்குள் பதிவு அலுவலகம் இருக்கவேண்டும், வாசலில் பெயர்ப்பலகை வேண்டும், அது உள்ளூர் மொழி எழுத்திலும் இருக்கவேண்டும். ஜிஎஸ்டி பதிவுக்கு ஓனரின் சம்மதக் கடிதம், வரி ரசீது அல்லது ஈபி பில் வேண்டும். பில் தாத்தா பெயரில் இருக்கும், தாத்தா போட்டோவில் இருப்பார். ஓனர் ஜிஎஸ்டியில் பதியாதவர், வாடகைக்காரர் பதிந்தவர் என்றால், 2024 அக்டோபரிலிருந்து வாடகைக்கான 18 சதவீத வரியையும் வாடகைக்காரரே நேரடியாகக் கட்டவேண்டும். அப்புறம் இ-பாஸ். 2024 மே முதல் வெளியூர் வண்டிக்கு அது கட்டாயம். உள்ளூர்க்காரர் என்று சலுகை கேட்கலாம், அதற்கு உள்ளூர் முகவரி காட்டவேண்டும், முகவரிக்கு அறை வேண்டும், அறை பார்க்க மலை ஏறவேண்டும், ஏற இ-பாஸ் வேண்டும். முகவரித் தொல்லையே இல்லாதது ரயில்வேக்கு மட்டும்தான். மலைக்குச் சுமார் 80 கிலோமீட்டர் தள்ளி, அம்மையநாயக்கனூரில் ஸ்டேஷனைக் கட்டி, கொடைக்கானல் ரோடு என்று பலகை மாட்டி நிம்மதியாக இருக்கிறது.

மலை தாங்காது, ஆபீஸ் எதற்கு என்பார்கள் சிலர். மலை தாங்காதுதான். 1993-லேயே மாஸ்டர் பிளான் வந்தது, அதை மதிக்காமல் கட்டி, கடைசியில் 2019-ல் நீதிமன்றம் சொல்லி வரிசையாகச் சீல் வைக்கும்படி ஆனது. ஆனால் புதுக் கட்டடம் யார் கேட்டார்கள்? இருக்கிற அறையில் ரெண்டு பேர் உட்கார்ந்து டீ குடித்து டைப் அடிப்பதால் எந்தச் சரிவும் சரியாது. ஒரு வேன் நிறைய ஆள் இறங்கி ஆளுக்கு ரெண்டு பக்கெட் வெந்நீர் கேட்கிற காட்டேஜைவிட ஆபீஸ் மலைக்கு லேசானது. அவரவர் சொத்து அவரவர் இஷ்டம் என்பார்கள் இன்னும் சிலர். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2025 ஏப்ரலில் வாரநாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000 வண்டி என்று சீசனுக்கு நீதிமன்ற வரம்பு வந்தது. கூட்டத்தை நீதிமன்றம் எண்ணத் தொடங்கிய பிறகு, ஒன்றாம் தேதி தவறாத வாடகையை ஓனர்கள் தேடி வரவேண்டும். வருகிறார்களா? ஜன்னலுக்கு முன்னால் இன்னொரு ஊஞ்சலைத்தான் மாட்டுகிறார்கள்.

ஆக, வாதத்தின் முடிவு தெளிவானது. விலையை ஏற்றுவது ஜன்னல் என்றால், ஜன்னலே இல்லாத அறையைத் தேடவேண்டும். நாயுடுபுரத்திலும் மூஞ்சிக்கல்லிலும் அப்படிப்பட்ட அறைகள் நிறைய உண்டு. மாடிப்படிக்கு அடியில், ஷட்டருக்குப் பின்னால், ஒரு ட்யூப்லைட்டோடு, ஆபீசுக்கென்றே அளவெடுத்தது போல. எல்லாவற்றிலும் எக்ஸ்ட்ரா பெட் மெத்தைகள் அடுக்கியிருக்கின்றன. ஜூனில் உள்ளே போய் ஏப்ரல் வரை குடியிருந்துவிட்டு, மே மாதம் மட்டும் வெளியே வரும். சரியாகப் பதினொரு மாதம், அட்வான்ஸ் கிடையாது, எந்த ஊர் என்று யாரும் கேட்பதும் கிடையாது.