பேயா, தனிக்குடித்தனமா?

கேள்வி: எங்கள் கடையின் இணையதளம் கிளவுடில் மூன்று சர்வர்களில் ஓடுகிறது. ஏற்றிய படம் ஒருமுறை தெரிகிறது, மறுமுறை காணோம். பேய் வேலையா?

பதில்: பேய் இல்லை, தனிக்குடித்தனம்! மூன்றுக்கும் தனித்தனி டிஸ்க். படம் விழுந்தது ஒன்றில். மற்ற இரண்டுக்கும் சேதியே தெரியாது; பக்கம் அவற்றிலிருந்து வந்தால் படம் காணோம். பொதுவான ஒரு கோப்புக் கிடங்கை நெட்வொர்க்கில் மாட்டி, மூன்றையும் கூட்டுக்குடும்பம் ஆக்குங்கள். 1984இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கொண்டுவந்த என்எஃப்எஸ் முறை இதற்குத்தான். அமேசானின் இஎஃப்எஸ் சேவையும் அந்த வழியில்தான் பேசுகிறது. இடம் தானாக வளரும், பயன்படுத்திய அளவுக்குக் காசு. டேட்டாபேஸை மட்டும் அங்கே குடிவைக்காதீர்கள். ஒவ்வொரு பதிவும் நெட்வொர்க்கைத் தாண்டிப் போய்வர வேண்டும், மூச்சு வாங்கிவிடும். இன்னொன்று: பொதுக் கிடங்கில் ஒரு சர்வர் அழித்தால் மூன்றுக்கும் அழிந்ததுதான். பேக்கப்பை இன்றே தனியே எடுத்துவையுங்கள்.